மறந்துவிட்ட கதிர்க்கட்டு

வயலிலே மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது என்று இணைச்சட்ட நூல் விதித்தது. எகிப்தில் அடிமைகளாயிருந்ததை மறவாதீர்கள் என்று காரணமும் சொன்னது. மோவாபு நாட்டு ரூத்து, போவாசின் வயலில் கதிர் பொறுக்கினாள். அந்த அந்நியப் பெண்ணின் பெயரை மத்தேயு இயேசுவின் வம்சவரிசையிலே எழுதி வைத்தார்.

இடம்பெயர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிவாரண வரிசையில் நின்றிருக்கிறோம். 'அகதிகள்' என்று பிற ஊரார் சொன்ன தொனி இன்னும் காதில் இருக்கிறது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 70,000க்கும் மேற்பட்டோர் கையில் அகப்பட்டதோடு போனார்கள். அநேகர் புத்தளத்துக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தார்கள். நம்மில் அழுதவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் பேசாதிருந்தோம். பயம் இருந்தது, அது பொய்யல்ல. அவர்கள் விட்டுப்போன தளபாடங்களை மலிவாக வாங்கியவர்களும் நம்மிடையே உண்டு. அதற்குப் பயத்தைச் சாட்டமுடியாது.

2009க்குப் பின் ஒரு பகுதியினர் திரும்பி வந்தபோது காணிப் பிணக்குகளும் வந்தன. "இருபது வருஷம் நாங்கள் பத்தை வெட்டி விதைச்ச நிலம், சுவாமி" என்று நம்மிடம் சொன்னவர்கள் உண்டு. அவர்களும் சொந்தக் காணியை இழந்து வந்தவர்களே. இது இலேசில் தீரும் காரியமல்ல. என்றாலும், வந்தவர்களை 'வெளியார்' என்பதை நாம் ஏற்கமாட்டோம்.

சக்கேயு வரி வாங்கி ஊரைச் சுரண்டியவன். அவன் திருந்தட்டும் என்று இயேசு காத்திருக்கவில்லை. மரத்தடியில் நின்று, உன் வீட்டுக்கு வருகிறேன் என்றார். ஊர் முறுமுறுத்தது. சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகவும் தருவதாக அவன் சொன்னது அதன் பிறகுதான். இரக்கம் முந்திக்கொண்டது, கணக்குத் தீர்த்தல் பின்னாலே வந்தது, ஆனால் வந்தது. நாமோ பாவசங்கீர்த்தனத்தோடு எழுந்து போவதில் கெட்டிக்காரர்.

வரும் காலபோக ஆரம்பக் கூட்டத்துக்குத் திரும்பி வந்த குடும்பங்களையும் அழைப்போம். குளத்துத் தண்ணீர் எந்த வயலுக்கு எப்போது என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. பிணக்குள்ள இடங்களில், வழக்குக்குப் போகுமுன் இரு பகுதியாரும் உறுதியையும் பெமிற்றையும் எடுத்துக்கொண்டு ஒரே பாயில் இருக்கலாம். எல்லைக்கல் நின்ற இடம் தெரிந்த பெரியவர்கள் இரு பக்கத்திலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.