கடன் வாங்கி அனுப்பாதீர்கள்

வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்புக்காக வட்டிக்கு வாங்கி ஏஜென்டிடம் பணம் கட்டும் பெற்றோர்களே, கொஞ்சம் பொறுங்கள்.

ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. அமைப்பு 'வைஸ்' திட்டத்தில் நம் அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு உதவித்தொகையே தருகிறது. கனடாவில் மைட்டாக்ஸ் குளோபலிங்க், 12 வார ஆய்வுப் பணி. போட்டி கடுமைதான், முயன்று பார்க்கட்டும்.

அங்கே கற்பது பாடம் மட்டுமல்ல. ஜெர்மனியில் ஞாயிறு கடைகள் மூடிக்கிடக்கும். சனிக்கிழமையே அரிசி வாங்கி வைக்க வேண்டும். பேராசிரியரிடம் "புரியவில்லை" என்று சொல்ல வேண்டும். கைகட்டி, வாய்பொத்தி வளர்ந்த பிள்ளைக்கு அதுதான் பெரிய பாடம்.

ஆனால் இங்கே சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவ விடாமல் வளர்த்துவிட்டு, அங்கே போய்ப் பொறுப்பு வரட்டும் என்பது நியாயமா? வங்கி வேலை, ரயில் முன்பதிவு, ஒருவேளைச் சமையல் எல்லாம் இன்றே பழக்குங்கள். கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். அப்படி வளரும் பிள்ளைக்குத் திருச்சியும் ஒன்றுதான், பெர்லினும் ஒன்றுதான்.