கார்புரேட்டரைக் கழற்றும் முன்...

கம்ப்யூட்டர் இதழில் கார்புரேட்டருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதை, எங்கள் வீட்டுப் பழைய 100 சிசி பைக்கை வைத்துத்தான் என்னால் சரியாகச் சொல்ல முடிகிறது.

அப்பாவுக்குச் செங்கல்பட்டில் சிறிய ஸ்டேஷனரி கடை. வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். ஒரு மழைக்காலத்தில் பைக் தினமும் பாதி வழியில் நிற்க ஆரம்பித்தது. முதலில் இழுவை குறையும், பிறகு இரண்டு குலுக்கல், அப்புறம் அமைதி. எத்தனை கிக் அடித்தாலும் பயனில்லை. பத்து நிமிடம் ஓரமாக நின்றுவிட்டு உதைத்தால், ஒன்றுமே நடக்காதது போல ஓடும். மெக்கானிக் இரண்டு முறை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அவர் ஓட்டிப் பார்க்கும் தெருமுனை வரை பைக் அருமையாகத்தான் ஓடியது. மூன்றாவது முறை, "கார்புரேட்டரே போச்சு சார், புதுசு மாத்தணும்" என்றார். அப்பா எனக்குப் போன் செய்து, "வித்துடலாம்டா" என்றார். இருபது வருடம் அவரைச் சுமந்த வண்டி அது.

அந்தப் போனில் அப்பா இன்னொன்றும் சொன்னார். "ஃபுல் டேங்க் போட்டா சீக்கிரம் நிக்குது, கம்மியா இருந்தா கொஞ்ச தூரம் கூடப் போவுது." பெட்ரோல் அதிகம் இருந்தால் வண்டி நிற்குமா? நான் சிரித்தேன். மெக்கானிக்கும் சிரித்தாராம்.

சனிக்கிழமை ஊருக்குப் போய் வண்டியை எடுத்தேன். நான்காவது கிலோமீட்டரில் நின்றது. எதையும் கழற்றாமல் டேங்க் மூடியை மட்டும் திறந்தேன். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. அடுத்த கிக்கில் ஸ்டார்ட்!

மூடியின் அடியில் ஒரு பாலித்தீன் கவர். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அப்பாவே வைத்தது. மூடியில் ஒரு சின்னக் காற்றுத் துளை உண்டு. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உருவாகி பெட்ரோல் இறங்காது. இளநீர் ஸ்ட்ராவின் மேல் வாயை விரலால் மூடிப் பாருங்கள், உள்ளே இருப்பது கீழே விழாது. அதே கதைதான். டேங்க் நிறைந்திருந்தால் காற்றுக்கான இடம் குறைவு, எனவே வெற்றிடம் சீக்கிரம் உருவாகும். பத்து நிமிடத்தில் எங்கோ இடுக்கு வழியாகக் காற்று கசிந்து சேர, வண்டி மறுபடி ஓடும். நாங்கள் சிரித்த அந்த வரியில்தான் விடையே இருந்தது.

சின்ன பைக்குகளில் கார்புரேட்டர் பிரச்சினை வருவது உண்மைதான். ஆனால் அதன் அடையாளங்கள் வேறு. சோக் போட்டால் ஓடி, சோக்கை எடுத்ததும் நின்றால் பைலட் ஜெட்டில் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிகளில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற கசடு அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தத் துளையில் படிந்துவிடும். (ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.) ஐடிலிங்கில் நன்றாக ஓடி, வேகமெடுக்கும்போது மட்டும் திணறினால் மெயின் ஜெட், பெட்ரோல் ஃபில்டர் பக்கம் பார்க்கலாம். ஓவர்ஃப்ளோ டியூபில் பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் ஊசியில் தூசி இருக்கலாம். ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மேல் வருகிறது. ஒரே பார்வையில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். இதையெல்லாம் என்ஜின் ஆறிய பின், திறந்தவெளியில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல் செய்ய வேண்டும்.

மழைத்தண்ணீர் பற்றிய அப்பாவின் பயமும் நியாயமானதே. இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் கலந்து போய்விடும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். கார்புரேட்டருக்கு முதலில் போவது அதுதான். ஆனால் அதற்கு மருந்து புது வாஷர், கவர் அல்ல.

மெக்கானிக்கை நான் குறை சொல்லப் போவதில்லை, எனக்கு அந்தத் தகுதி கிடையாது. கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது சித்தப்பாவின் கம்ப்யூட்டர் அரை மணி நேரத்தில் தானாக ஆஃப் ஆகிறது என்றார்கள். "வைரஸ்தான், ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்" என்று சி டிரைவ், டி டிரைவ் இரண்டையும் ஃபார்மட் செய்தேன். விண்டோஸ் போட்டு முடித்த அரை மணியில் மறுபடி ஆஃப் ஆனது. பிராசஸர் ஃபேனில் கம்பளி போலத் தூசி. சூடு ஏறியதால் ஆஃப் ஆகியிருக்கிறது. 'அரை மணி நேரம் கழித்து' என்று சித்தி தெளிவாகச் சொல்லியிருந்தார். டி டிரைவில் இருந்த தங்கையின் மஞ்சள் நீராட்டு விழா போட்டோக்கள் திரும்பி வரவில்லை. வேறு காப்பியும் இல்லை.

ஆகவே உங்கள் புதுக் கம்ப்யூட்டர் தகராறு செய்தால், யாராவது "ஃபார்மட் பண்ணிடலாம்" என்றதும் தலையாட்டாதீர்கள். எப்போது நிற்கிறது? எத்தனை நிமிடம் கழித்து? கடைசியாக எதை மாற்றினீர்கள், எந்த சாப்ட்வேரைப் போட்டீர்கள்? ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள், சிரித்தாலும் பரவாயில்லை. விண்டோஸிலேயே இதற்கு ஒரு நாட்குறிப்பு உண்டு. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். எந்தத் தேதியில் எது இன்ஸ்டால் ஆனது, எது செயலிழந்தது என்று வரிசையாகக் காட்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கை ஒன்றாக மாற்றி சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி நான்குக்கும் காசு.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்த பிறகு பெரும்பாலான புது பைக்குகள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. கோளாறு என்றால் மீட்டரில் விளக்கு எரியும். நல்லதுதான். ஆனால் மூடிக்கு அடியில் கவர் இருக்கிறது என்று எந்த விளக்கும் சொல்லாது.

அப்பா அதே பைக்கில்தான் கடைக்குப் போகிறார். மூடிக்குப் புது வாஷர் போட்டாயிற்று. கவர் இப்போது சீட்டுக்கு. அடுத்த முறை ஊருக்குப் போனபோது வாசலில் வைத்தே கேட்டார்: "ஃபுல் டேங்க் போட்டா நிக்குதுன்னு நான் சொன்னப்போ சிரிச்சியே?"