வெளுத்துப்போன தங்கமீன்



நிறத்தினால் பெயர் பெற்ற உயிர் தங்கமீன். அப்பொன்னிறமே மங்கி, மீன் நாளடைவில் வெள்ளையாகிவிடுமாயின், அதனை வளர்க்கும் வீட்டில் கலக்கம் எழுவது இயல்பே. "சுவாமி, எங்கள் மீனுக்கு என்ன ஆயிற்று?" என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. பெரியோர் சிலரோ கேட்பதற்கே காத்திருப்பதில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பர்; அல்லது நோய் கண்டுவிட்டது என்று முடிவு கட்டி, அதனை வாய்க்காலில் விட்டுவிட்டுப் பளபளப்பான வேறொன்றை வாங்கி வருவர். இத்தகைய தீர்ப்பை வழங்குமுன், நிறம் மாறுவதன் காரணங்களை அறிந்துகொள்வது நலம்.

தங்கமீனின் மூதாதை மீன்கள் பொன்னிறமுடையவை அல்ல. சீன நாட்டு நீர்நிலைகளில் வாழ்ந்த, கெண்டை இனத்தைச் சார்ந்த, மங்கிய பசும்பழுப்பு நிற மீன்களே அவை. அவற்றுள் அரிதாக ஒன்று செம்பொன் நிறம் பெற்றுவிடும். சோங் அரச மரபின் காலத்தில் (960–1279) சீனர் இத்தகைய மீன்களைத் தனிக் குளங்களில் பேணி இனம் பெருக்கினர். 17-ஆம் நூற்றாண்டில் அவை ஐரோப்பாவை அடைந்தன. இன்று நம் சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பும் விற்பனையும் பல குடும்பங்களுக்குப் பிழைப்பாக விளங்குகின்றன.

ஆயினும் அப்பழைய இயல்பு முற்றும் மறைந்துவிடவில்லை. தங்கமீன் குஞ்சு முதலில் கருமை கலந்த பழுப்பாகவே இருக்கும். சில மாதங்களில், சிலவற்றில் ஓராண்டு கழிந்த பின்னர், தோலிலுள்ள கருநிறமிச் செல்கள் அழிந்து பொன்னிறம் வெளிப்படும். சில மீன்களில் மாற்றம் அதனோடு நில்லாது செந்நிறமும் குறைந்து, உடல் வெண்மையாகிவிடும். 'பிளாக் மூர்' எனும் கரிய வகை வயதேறும்போது வெண்கல நிறமோ செம்மஞ்சள் நிறமோ அடைவதும் இவ்வாறே. நம் தலைமயிர் நரைப்பதைப் போன்றதே இது. இதற்கு மருந்து வேண்டுவதில்லை; எவர்மீதும் குற்றமும் இல்லை.

ஆனால் எல்லா மங்கலும் இயற்கையானதன்று. மீனின் செம்மஞ்சள் நிறத்திற்குப் பெரிதும் காரணமாயிருப்பது கரோட்டினாய்டு எனும் பொருள். காரட்டுக்கு நிறம் தருவதும் இவ்வகைப் பொருளே. மீன் இதனைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாது, உணவிலிருந்தே பெறவேண்டும். குளத்து மீன் பாசியையும் நுண்ணிய நீருயிர்களையும் உண்டு அதனைப் பெறுகிறது. கண்ணாடித் தொட்டியிலுள்ள மீனுக்கோ நாம் இடுவதே உணவு. பொரியும் ரொட்டித் துணுக்கும் மட்டும் இடப்பட்டால், அது உயிர் தாங்குமேயன்றிப் பொலிவு பெறாது. இறால் தூளோ ஸ்பைருலினா எனும் பாசியோ கலந்த மீன் உணவை அளவோடு இடுக. வேகவைத்துத் தோல் நீக்கிய பட்டாணியை இடையிடையே நசுக்கித் தருக. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம்.

அடுத்தது ஒளி. இருண்ட மூலையில் வைக்கப்பட்ட மீன் நாளடைவில் நிறம் குன்றும். அதற்காகச் சிறு தொட்டியை வெயிலில் வைத்தால் நீர் கொதிப்பேறி மீன் வருந்தும். பகலில் வெளிச்சமும் இரவில் இருளும் கிடைக்கும் இடமே ஏற்றது. மேலும், சூழலுக்கு ஏற்பத் தன் நிறத்தை ஓரளவு மாற்றும் இயல்பும் மீனுக்கு உண்டு. வெண்கூழாங்கற்களின் மேல் வெளிறித் தோன்றும் மீன், கருமையான அடித்தளத்தின் மேல் சற்று அழுத்தமாகத் தோன்றும்.

எல்லாவற்றினும் முதன்மையானது நீர். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா எனும் நஞ்சு உண்டாகிறது. சிறிய உருண்டைக் கிண்ணத்தில் அது விரைவில் மிகுந்துவிடும். அப்போது மீன் வெளிறும். துடுப்புகளில் செந்நிறக் கோடுகள் படரும். அம்மோனியாவால் புண்பட்ட இடம் ஆறும்போது கரும்புள்ளிகள் தோன்றுவதும் உண்டு. ஆதலின் தொட்டி பெரிதாயிருத்தல் வேண்டும். வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரையேனும் மாற்றுக. முழு நீரையும் கொட்டித் தொட்டியைத் தேய்த்துக் கழுவினால், அம்மோனியாவை மாற்றி உதவும் நல்ல பாக்டீரியாக்களும் அழிந்துவிடும். குழாய் நீரிலுள்ள குளோரினை நீக்கும் சொட்டு மருந்து மீன் கடைகளில் கிடைக்கிறது. புதுநீரில் அதனைக் கலந்த பின்னரே ஊற்றுக.

இயற்கையான மாற்றத்தையும் துன்பத்தினால் வந்த மாற்றத்தையும் எங்ஙனம் பிரித்தறிவது? வெளுத்த மீன் ஆவலுடன் உண்டு, துடுப்பை விரித்து நீந்துமாயின் அஞ்சவேண்டுவதில்லை. துடுப்பை ஒடுக்கி, மூலையில் ஒதுங்கி, நீர்மட்டத்தில் வாய் திறந்து மூச்சுக்குத் தவிக்குமாயின், உடனே நீரைக் கவனித்தல் வேண்டும்.

எவ்வாறாயினும் அதனை ஏரியிலோ வாய்க்காலிலோ விடலாகாது. வளர்ப்பு மீன் பிழைப்பது அரிது; பிழைத்துப் பெருகினாலோ அங்குள்ள உயிர்களுக்குக் கேடு. நன்கு பேணினால் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடிய உயிர் அது. விலங்குகளுக்கு இரக்கம் காட்டுவது மனிதர் கடமை என்று 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் உயிருக்கும் அக்கடமை பொருந்தும்.

பெற்றோரே, வெளுத்த மீனை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை உங்கள் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. அழகு குன்றியதும் எறிந்துவிட்டு வேறு வாங்கலாம் என்று அது கற்குமாயின், அப்பாடம் மீன்தொட்டியோடு நின்றுவிடாது. அதே வீட்டில், முதுமையால் பொலிவிழந்த பாட்டியார் இருக்கிறார். சிலகாலமாக முகம் வாடிப் பேச்சுக் குறைந்த மகள் இருக்கிறாள். முன்னவரின் மாற்றம் வயதின் இயல்பு; அதனை அன்போடு ஏற்றுக்கொள்வதே தகும். பின்னவளின் மாற்றமோ, நாம் எதனைக் கொடுக்கத் தவறினோம் என்று கேட்கச் செய்வது. இவ்விரண்டையும் பிரித்தறியும் பொறுமை இல்லத்திற்கு இன்றியமையாதது.

ஆகவே பிள்ளையை அருகில் அழைத்து, மீனின் துடுப்பையும் நீரின் தெளிவையும் உற்றுநோக்கக் கற்றுக்கொடுங்கள். மீன் மீண்டும் பொன்னாகலாம். வெள்ளையாகவே இருந்துவிடவும் கூடும். இரண்டாவதே நேர்ந்தாலும், அது உங்கள் வீட்டு மீனே.