அம்மாவோட ஒரு ட்ரிப்

64 மீட்டர் உயரத்திலிருந்து விழும் துன்ஹிந்த, பதுளை டவுனுக்குப் பக்கத்திலதான். லுணுகலையிலிருந்து பஸ் ஏறி, ப்ரெண்ட்ஸோட நாலு தடவை போயிட்டேன். அம்மா ஒரு தடவைகூடப் போனதில்லை. கூப்பிட்டா, "ஒரு பேர் போயிருமே"ங்கிறாங்க. ஞாயிற்றுக்கிழமைன்னா துணி, விறகு.

"நாம இருக்கிற இடமே அழகுதானே, ட்ரிப் எதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு பார்க்கிற மலையும் கையை வீசிக்கொண்டு பார்க்கிற மலையும் ஒன்றா? லிப்டன் சீட்டுக்கு ஏறுகிற வெளிநாட்டுக் குடும்பங்கள் படம் எடுப்பதே நம்ம அம்மாமார் வேலை செய்வதைத்தான்.

அடுத்த லீவுக்கு ப்ரெண்ட்ஸ் ட்ரிப்பைத் தள்ளி வைங்க. அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. துன்ஹிந்தவுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல காட்டுப்பாதையில நடக்கணும். மூச்சு வாங்கப்போறது நமக்குத்தான், அவங்களுக்கு இல்ல.