ஆறாந்தரத்திற்கு எந்தப் பள்ளி?

புலமைப் பரிசிற் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்ததும், பிள்ளையை ஆறாந்தரத்தில் எங்கே சேர்ப்பது என்னும் வினா வலிகாமத்து வீடுகள் பலவற்றில் எழுகின்றது. தெல்லிப்பழை, சுன்னாகம் அயலிலுள்ளோர்க்குப் பள்ளிகளாற் குறைவில்லை. 1816இல் மிஷனரிமார் தொடக்கிய பள்ளியின் வழிவந்த யூனியன் கல்லூரி, 1894இல் எழுந்த ஸ்கந்தவரோதயக் கல்லூரி, பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் நிறுவிய மகாஜனக் கல்லூரி, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இற் பெண்களுக்கென அமைத்த இராமநாதன் கல்லூரி என்பன அருகருகே உள்ளன. பழம்பெருமை எல்லாவற்றிற்கும் உண்டு. ஆகவே பெற்றோர், "அங்கேயிருந்து எத்தனை பேர் மருத்துவபீடம் போனார்கள்?" என்று கேட்கத் தொடங்குகின்றனர்.

பதினொரு வயதுப் பிள்ளைக்கு இக்கேள்வி எவ்வாறு பொருந்தும்? அப்பிள்ளை முதலிற் கடக்கவேண்டியவை ஆறு முதல் ஒன்பது வரையுள்ள நான்கு தரங்கள். அட்சரகணிதம் அங்கேதான் அறிமுகமாகின்றது. அதில் வழுக்கியவரே பின்னர் சாதாரண தரத்திற் கணிதத்தில் இடறுவதை நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் காண்கின்றோம். அரசினர் வழங்கும் '1ஏபி' என்னும் வகையும் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உண்டென்பதையே அறிவிக்கும். ஏழாந்தரத்துக் கணித ஆசிரியரைப்பற்றி அது யாதும் சொல்லாது.

பெறுபேற்றை ஒப்பிடுவதிலும் நீதி வேண்டும். வெட்டுப்புள்ளிக்கு மேற்பட்டோரைத் தெரிந்தெடுக்கும் பள்ளியையும், வாசலுக்கு வந்த பிள்ளைகள் அனைவரையும் ஏற்கும் கிராமப் பள்ளியையும் ஒரே தராசில் நிறுத்தலாமோ? வாசிக்கத் தடுமாறி வந்த பத்துப் பேருள் அறுவரைச் சித்தியடையச் செய்த ஆசிரியரின் உழைப்பு எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 1990இல் இடம்பெயர்ந்து, 2016இலேயே தன் நிலத்திற்கு மீண்டது. அவ்விடைக்காலப் பெறுபேற்றை நகரப் பள்ளியொன்றின் பெறுபேற்றோடு வைத்துப் பார்ப்பது, நம் கருத்தில், பார்ப்பவர்க்கே அழகன்று.

பின் எதனை ஒப்பிடுவது? பள்ளி நாளொன்றில் நேரிற் சென்று அதிபரைக் கண்டு கேளுங்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றிற்கு அப்பாடத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர் இவ்வாண்டு உளரா? ஆறாந்தரத்தார் நூலகத்திலிருந்து புத்தகம் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? விஞ்ஞானகூடம் உயர்தரத்தார்க்கு மட்டுமா? பின்தங்கியவர்க்கென வேறு நேரம் உண்டா? பெண்பிள்ளைகளைப் பெற்றோர் மலசலகூடத்தையும் கூச்சமின்றிப் பார்த்துவருதல் வேண்டும்.

தூரத்தையும் கணக்கிடுக. காலை ஆறு மணிக்கு பஸ் ஏறி, மாலையில் டியூசனும் முடித்து, இருளில் வீடு திரும்பும் சிறுவன் எப்போது விளையாடுவான், எப்போது வாசிப்பான்? ஒழுங்கையால் நடந்து போகக்கூடிய பள்ளியில் நல்ல கணித ஆசிரியர் ஒருவர் இருப்பாராயின், நாம் அப்பள்ளியையே முதலிற் சொல்வோம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. மூன்றாம் வகைப் பள்ளிகள் சில எட்டாந்தரத்தோடு நின்றுவிடும். அத்தகைய பள்ளியை விரும்புவோர், ஒன்பதாந்தரத்திற்குப் பிள்ளைகள் வழமையாக எங்கே போகின்றனர் என்பதையும் அன்றே அதிபரிடம் கேட்டு வருக.