வானம் பொய்த்தது ஒரு பக்கம்! கோட்டை பொய்த்தது மறுபக்கம்!



"மழை பெய்யலைன்னா நாங்க என்னய்யா செய்ய முடியும்?" நிவாரணம் கேட்டுப் போனால் அதிகாரிகள் சொல்லும் பதில் இதுதான். ராமநாதபுரம் சீமையில் பிறந்தவனுக்கு மழை பொய்க்கும் என்று எவரும் பாடம் நடத்த வேண்டாம். அது தெரிந்துதானே நம் முன்னோர் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டி வைத்தார்கள்! மழை குறைவது இயற்கை. மழை குறைந்த வருஷமெல்லாம் சம்சாரி கடனாளி ஆவதும் இயற்கையா?

இன்றைக்கு வானத்தின் போக்கே மாறிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் பூமியின் சூடு 1 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. பெய்யாத நாளில் வயலில், கண்மாயில் கிடக்கும் ஈரத்தை வேகமாக உறிஞ்சிவிடுகிறது. வறட்சி நம் பாட்டன் காலத்திலும் வந்ததுதான். இப்போது வரும் வறட்சியை இந்தச் சூடு இன்னும் கடுமையாக்குகிறது. புகை விட்டது யார்? நம் மாட்டு வண்டியா?

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. அடுத்த வருஷமே வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை! மொத்தமாகக் கொட்டும் மழையைப் பிடித்து வைக்கக் கண்மாயை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அந்தக் கண்மாய்களோ மண்மேடாகி, கருவேலங்காடாகிக் கிடக்கின்றன. வரத்துக்கால் ஆக்கிரமிப்பில். மடையில் பலகை இல்லை.

2016-ல் நானும் மூணு ஏக்கர் விதைத்தேன். கதிர் வாங்கும் நேரத்தில் தண்ணீர் இல்லை. நெல் முழுக்கச் சாவி. வீட்டுக்காரியின் சங்கிலி அடகுக்குப் போனது. அந்த வறட்சிக்கு அரசு அறிவித்த நிவாரணம் நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய். உழவு, விதை, உரம், களையெடுப்புக்கு ஆன செலவில் இது எந்த மூலைக்கு?

2016 டிசம்பரில் மத்திய அரசு வறட்சி விதிகளை மாற்றியது. 'கடும் வறட்சி' என்று நிரூபித்தால்தான் மத்தியப் பேரிடர் நிதியாம். 2022-ல் வகுத்த விதியில் மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 3,500 கூட வரவில்லை! அடங்கலில் பேர் இல்லாத குத்தகைக்காரனுக்கு அதுவும் இல்லை.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். பிரீமியம் கட்டுவது என் வயலுக்கு. வறட்சியில் மகசூல் இழப்பைக் கணக்கிடுவது ஊர் சராசரிக்கு. பக்கத்துக்காரன் போர் போட்டு நாலு மூட்டை எடுத்தால், கருகிப்போன என் வயலும் விளைந்ததாகக் கணக்கு! இது என்ன நியாயம்?

நாம் கேட்பது:

1. மழைக்கு முன்பே கண்மாய், வரத்துக்கால்களைத் தூர்வாரு! கணக்கை ஆயக்கட்டு விவசாயிகள் முன் வை!
2. சாகுபடிச் செலவைக் கணக்கிட்டு நிவாரணம் கொடு! குத்தகை விவசாயியையும் சேர்!
3. காப்பீட்டு இழப்பை வயல்வாரியாகக் கணக்கிடு!
4. வறட்சி வருஷத்தில் கூட்டுறவுக் கடன் வசூலை நிறுத்து! வட்டியைத் தள்ளுபடி செய்!

தனித்தனியாக மனுக் கொடுத்தால் குப்பைக் கூடைக்குப் போகும். ஊரே திரண்டு போனால் நாற்காலி எழுந்து நிற்கும். வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்குத் தாலுகா ஆபீஸ் முன் கூடுவோம். சிட்டா, அடங்கலோடு கருகின பயிரில் ஒரு பிடியும் கொண்டு வாருங்கள். மேசையில் வைத்துக் கேட்போம்!

நாம் கேட்பது பிச்சை அல்ல, பாக்கி!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்