ஜீப்பின் அடியில் எண்ணெய்த் துளிகள்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறிச் சாந்தன்பாறை ஏலத் தோட்டங்களுக்கு நம்மவர்களை ஏற்றிச் செல்வது பெரும்பாலும் ஜீப்பே. 2023 ஜூன் முதல் போடிக்கு மீண்டும் இரயில் வருகிறது. அதற்கு மேல் மலையில் தண்டவாளம் இல்லை. ஆகவே ஜீப்பின் அடியில் சொட்டும் எண்ணெயை நாம் அலட்சியம் செய்தலாகாது.

1940-களின் இறுதியில் மஹிந்திரா கம்பெனியார் நம் நாட்டில் கோக்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பில் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. கியர் பெட்டியை ஒட்டிய டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறம், தண்டோடு சுழலும் டிரம்மில் அமைந்துள்ளது. அவ்விடத்து ஆயில் சீல் தேய்ந்தால் எண்ணெய் பிரேக் லைனிங்கையே நனைத்துவிடும். பின்னர் சரிவில் நிறுத்திய வண்டி நிற்குமென்று எவர் உறுதி கூறுவர்?

சீலை மாற்றுமுன் பெட்டியின் காற்றுத் துளையை நோக்க வேண்டும். அது சேற்றால் அடைபட்டிருப்பின், சூட்டினால் உள்ளே விரியும் காற்று, எண்ணெயை நல்ல சீலையும் மீறி வெளியே தள்ளும். புதுச் சீலும் ஒழுகும். பழியோ உதிரிபாகக் கடைக்காரர் தலையில்! சீல் படியும் இடத்தில் தண்டு தேய்ந்து வரி விழுந்திருந்தாலும் இதே கதைதான். நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவோரும் உளர். புதிது போடுவதே தக்கது. எண்ணெயைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டுத் துளையின் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். நம் மலையில் சமதளம் தேடுவதுதான் பெரும்பாடு.

பழுது தீரும்வரை, சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைத்த பின்னரே பெண்டிரையும் பிள்ளைகளையும் இறக்குமாறு ஓட்டுநரிடம் சொல்வோம்.